பொட்டு வைத்த பெட்டி

தயாபரன் தங்கமான மனிதர் என்று எங்கள் அலுவலகத்தில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. அவர் இருந்தபோது வாயைத் திறக்காதவர்கள், அவருடைய கதிரை காலியான பிறகு சொல்லி யாருக்கு என்ன லாபம்?

நான் கேசினி. பதுளையில், தோட்டத்துக் குடும்பங்களின் வீட்டுக்காணிப் பதிவுகளை வைத்திருக்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். பிறந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேலாகிறது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சுடுதண்ணி மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், இது என்னுடைய கதை இல்லை.

தயாபரன் நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் பிறந்தவர். தகப்பனார் வீரசிங்கம், கவ்வாத்து வெட்டுவதில் பெயரெடுத்தவர். தேயிலைச் செடியை முழங்காலளவில் சாய்த்து வெட்டும் அந்த வேலையில் அவர் கத்தி பட்ட மலை தனியாகத் தெரியும் என்பார்கள். தாயார் இவருடைய சின்ன வயதிலேயே இறந்துபோய்விட்டார். தயாபரன் பசறையில் உயர்தரம் வரை படித்தார், பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. தோட்டத்துப் பையன்கள் எல்லோரும் போகிற மாதிரி அவரும் கொழும்புக்குப் போய் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினார். அது சரிவராமல் திரும்பி வந்து, பசறையில் ஒரு கடையில் விண்ணப்பங்கள் டைப் அடித்துக் கொடுத்தார். அங்கேதான் கணினி படிந்தது. பிறகு எங்கள் அலுவலகத்தில் தரவு பதிகிற வேலை, ஒப்பந்த அடிப்படையில். வருசா வருசம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். வருசா வருசம் மனுசன் அந்த மாதம் முழுக்கச் சோறு இறங்காமல் இருப்பார்.

மழைக்காலத்தில் தோட்டத்திலிருந்து றபர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குவார். பசறை பஸ் ஸ்டாண்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பையில் இருக்கும் கறுப்புச் சப்பாத்தை மாட்டுவார். அலுவலகத்துக்கு வரும்போது சப்பாத்தில் ஒரு பொட்டு மண் இருக்காது. எங்கள் பணிப்பாளர் பக்கத்துத் தெருவிலிருந்து வாகனத்தில் வருகிறவர், அவருடைய சப்பாத்தில் சேறு இருக்கும்.

"எங்க லயத்துல பென்சன் வர்ற வேலையில ஒருத்தரும் இல்லீங்க மிஸ். நான்தான் மொத ஆளு," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"இன்னும் நிரந்தரமாக்கேல்லையே, அதுக்குள்ள பென்சனோ?" என்று நான் பகிடி விட்டேன்.

"ஆக்குவாங்க மிஸ். அப்பா இப்பவே என்னையக் 'கவர்மெண்டு'ன்னுதான் கூப்புடுறாரு."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கச் சுற்றறிக்கை வந்திருந்தது. இரண்டே நிபந்தனை. நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது, பெயரில் கறை இருக்கக் கூடாது. தயாபரனுக்கு நாற்பத்துநான்கு. நேர்முகப் பரீட்சையும் முடிந்து, பணிப்பாளரின் சிபாரிசும் போய்விட்டது. கடிதம் வர வேண்டியதுதான் பாக்கி. மனைவி சிவசக்தி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மகள் விதுஷா எட்டாம் வகுப்பு. அந்த மூன்று பேரும் கிழவரும் அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சேர்வரில் உள்ள பதிவுகளையெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் கைக்கடக்கமான ஒரு பெட்டியில், அதாவது ஹாட் டிஸ்க்கில், பிரதி எடுத்து, அதைக் கழற்றி இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பெட்டகத்துச் சாவி பணிப்பாளரிடம். பணிப்பாளர் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இருந்ததை நான் கண்டதில்லை. ஆகவே டிஸ்க் எப்போதும் சேர்வரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. வைரஸ் தடுக்கும் மென்பொருளுக்கு உரிமம் முடிந்து மாதக் கணக்கு ஆகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லித் தயாபரன் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. அதே மாதம் பணிப்பாளரின் அறைக்குப் புதுத் திரைச்சீலையும் கம்பளமும் வந்தன.

அந்த வருசம் ஆயுத பூசை வெள்ளிக்கிழமையில் வந்தது. லயத்தில் அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகையைக் கழுவி, தொழில் செய்கிற சாமானை அதில் வைத்துப் பொட்டு வைப்பார்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, பிள்ளைகளின் புத்தகம். வைத்ததை மறுநாள் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. தயாபரன் அதுவரை ஒரு பேனாவைத்தான் வைத்து வந்தார். கிழவருக்கு அது பிடிக்கவில்லை.

"பேனா எல்லாப் புள்ளைகளும்தான் வச்சிருக்கு. நீ வேல செய்யுற சாமான் எங்கடா? நெரந்தரமாகப் போற வருசம், சாமிக்குக் காட்ட வேணாமா?" என்று கேட்டாராம்.

கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா? வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்ததால் வியாழக்கிழமையே பிரதி எடுத்து முடித்தவர், அந்த ஹாட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தகப்பனார் தோட்டத்துக் கத்தியை ஆயுள் முழுக்க இப்படித்தானே வீட்டுக்குக் கொண்டுவந்து பூசைக்கு வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்குள் கால் வைக்கும்போது ஒரே கூச்சல். எல்லாத் திரையும் கறுப்பு, நடுவில் சிவப்பு எழுத்து. வார இறுதியில் எவனோ எங்கிருந்தோ சேர்வருக்குள் புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டான். திறக்க வேண்டுமானால் கப்பம் கட்டு என்கிறான். சேர்வரோடு ஒட்டியிருந்த ஒன்றும் மிஞ்சவில்லை. பதுளை மாவட்டத்தில் எத்தனை குடும்பத்தின் காணிப் பதிவு! பணிப்பாளர் அந்தப் புதுக் கம்பளத்தில் அப்படியே குந்திவிட்டார்.

அப்போதுதான் தயாபரன் வந்தார். பளபளவென்று சப்பாத்து, நெற்றியில் திருநீறு. விசயத்தைக் கேட்டார். பையிலிருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஹாட் டிஸ்க். மேலே சந்தனம், குங்குமம், ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வந்தி இதழ்.

"விசரோ உமக்கு? இதை எங்கை கொண்டு போனனீர்?" என்று நான் கத்தினேன்.

"ஆயுத பூசைக்கு வச்சேங்க மிஸ். அப்பா கேட்டாரு."

பணிப்பாளர் எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். என் தலையைக் காப்பாற்றினாய் என்று சிங்களத்தில் சொன்னார். இரண்டு கண்ணாலும் பார்த்தேன், இரண்டு காதாலும் கேட்டேன். அதன் பிறகு தயாபரன் ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்து, எல்லாப் பதிவையும் பழையபடி ஏற்றிக் கொடுத்தார். ஒரு குடும்பத்தின் பெயர்கூட விடுபடவில்லை.

சில மாதம் கழித்துக் கணக்காய்வாளர்கள் வந்தார்கள். சொத்துப் புத்தகத்தில் இருந்த மூன்று வாகனங்கள் முற்றத்தில் இல்லை. எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். பிறகு கணினிச் சாமான்களுக்கு வந்தார்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சொத்து இலக்கம் பார்த்த ஓர் இளம் உத்தியோகத்தர், ஹாட் டிஸ்க்கின் விளிம்பில் படிந்திருந்த சிவப்பைப் பார்த்து இது என்னவென்று கேட்டார். நம்முடைய ஆள் சிரித்துக்கொண்டே முழுக்கதையையும் சொன்னார். பலகை, கத்தி, அப்பா, செவ்வந்தி, ஒன்றையும் விடவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். எழுதுவது அவருடைய வேலை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அவர்கள் போன பிறகு நான் தயாபரனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் ஐயா உவ்வளவு விளக்கமாச் சொன்னனீர்? சிவப்பு மை பட்டிட்டுது எண்டு சொல்லியிருக்கலாமே!"

"பொட்டைப் போய் மைன்னு சொல்றதாங்க மிஸ்?" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

கணக்காய்வு அறிக்கை பாராளுமன்றம் வரைக்கும் போனது. அரசாங்கத் திணைக்களங்களின் செலவையும் சொத்தையும் விசாரிக்கும் குழு எங்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டது. பணிப்பாளர் போனார். தமிழ்க் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்க என்னையும் கூட்டிப் போனார். வாகனத்தை ஓட்டியது முன்ஸிப் நானா. தயாபரன் வாசல் வரை வந்து கோப்புகளை ஏற்றிவிட்டு, "மிஸ், எல்லாம் நல்லபடியா முடியும், போயிட்டு வாங்க," என்று கையசைத்தார்.

பெரிய மேசை, மைக்குகள், தண்ணீர்க் கிளாஸ்கள். உறுப்பினர்கள் வரிசையாக இருந்தார்கள். எங்கள் பணிப்பாளர் முன்னால், நான் அவருக்குப் பின்னால் ஒரு கதிரையில். பின்வரிசையில் இருப்பவர்கள் கேட்டால் மட்டும்தான் பேசலாம். குழுவில் இருந்தவர்கள் நன்றாகவே படித்துக்கொண்டு வந்திருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று வாகனமும் எங்கே? பணிப்பாளர் ஒன்றைக் கராஜில் விட்டார், ஒன்றை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார், மூன்றாவதுக்கு இருமினார். வைரஸ் தடுப்புக்கு ஒதுக்கீடு இல்லை என்றால் திரைச்சீலைக்கு எப்படி வந்தது? அறை முழுக்கச் சிரித்தது. பணிப்பாளரின் கழுத்துப் பட்டி வியர்வையில் நனைந்துவிட்டது.

"சரி, பூட்டப்பட்ட பதிவுகளை எப்படி மீட்டீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"அலுவலகத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் பாதுகாப்பாக ஒரு பிரதி வைத்திருந்தோம், ஐயா," என்றார் பணிப்பாளர்.

நல்ல முன்யோசனை, இதைப் பாராட்ட வேண்டும் என்று அந்த உறுப்பினர் சொன்னார். பாராட்டட்டும், இப்போது தயாபரனின் பெயர் வரும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவில்லை. பேச்சு வேறு பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னோர் உறுப்பினர் கணக்காய்வின் கடைசிப் பந்தியைத் தூக்கினார். மக்களின் விபரங்கள் அடங்கிய ஹாட் டிஸ்க் ஒன்று அனுமதி இல்லாமல் தோட்ட வீடொன்றுக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறதே, என்ன அநியாயம் இது, யார் பொறுப்பு?

அட கடவுளே, பாராட்டியதும் அதே டிஸ்க், ஏசுவதும் அதே டிஸ்க்! அது குழுவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில், இரண்டும் ஒன்றே, தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். மடித்தார். தண்ணீர்க் கிளாஸுக்கு அடியில் வைத்தார்.

"ஓர் ஒப்பந்த ஊழியர் செய்த வேலை, ஐயா. அவரை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம்," என்றார்.

நிறுத்திவிட்டாராம்! அந்த நிமிசம் தயாபரன் பதுளையில் எங்கள் மேசையில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் எழும்பிவிட்டேன். "ஐயா, ஒரு நிமிசம்," என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மொழிபெயர்ப்பாளர், இவருக்கு இந்த விசயம் தெரியாது என்று பணிப்பாளர் சொல்ல, இருக்கச் சொல்லி ஒருவர் கையைக் காட்ட, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பணிப்பாளரோடு சண்டை பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை என்று நடித்தார். பண்டாரவளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது முன்ஸிப் நானா மெல்ல என் பக்கம் வந்து, "மிஸ், அந்த மனிசன்ட பொழப்புல மண்ணள்ளிப் போட்டாங்களே," என்றார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பாராளுமன்றத்தில் சொன்னதைச் செய்து காட்ட வேண்டுமே. மறுநாளே தயாபரனின் ஒப்பந்தம் முறிந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு அவர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்காவது ஆறியிருக்கும். விசைப்பலகையைத் துடைத்து வைத்தார், அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு என் மேசைக்கு வந்து நின்றார்.

"மிஸ், அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. அவரு கேட்டதாலதான் கொண்டு போனேன்னு தெரிஞ்சா உசுர விட்ருவாரு."

லயத்தில் எதை மறைக்க முடியும்? ஒரு கிழமைக்குள் கிழவருக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் என் பிள்ளையைக் கெடுத்தேன் என்று ஒரு மூலையில் படுத்தவர், சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார் என்று சிவசக்தி போனில் சொன்னாள். குழுவின் செயலாளருக்கு நான் முழு விபரமும் எழுதிப் போட்டேன். கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இடமாற்றம் வேண்டுமா என்று பணிப்பாளர் என்னிடம் கேட்டார். மாற்றிப் பாருங்கள் என்றேன். இதற்கிடையில் தயாபரனுக்கு நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. இனி வழக்குப் போட்டு வென்றாலும் அந்தக் கடிதம் வராது.

அடுத்த ஆயுத பூசைக்குச் சில நாள் முன்னால் குழுவின் பரிந்துரைகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. தோட்டப் பகுதிகளுக்கு அனுப்பத் தமிழாக்க வேண்டும். மொழிபெயர்ப்பது யார்? நான்தான். ஒரு பந்தி இப்படி இருந்தது: பதிவுகளின் பிரதியொன்றை அலுவலகத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் வைக்கும் பதுளை அலுவலகத்தின் நடைமுறை பாராட்டத்தக்கது, எல்லா மாவட்ட அலுவலகங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். அதே பக்கத்தின் கீழே இன்னொரு பந்தி: அரச சொத்தை வெளியே கொண்டுசென்ற ஊழியர் நீக்கப்பட்டதைக் குழு திருப்தியுடன் கவனத்தில் கொள்கிறது. இரண்டையும் என் கையால் தமிழில் எழுதினேன்.

ஆயுத பூசை அன்று லீவு போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நமுனுகுல பஸ்ஸில் ஏறினேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தத் தாளை அவருக்குக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லயத்து வாசலில் சிவசக்தி நின்றாள். "வாங்க மிஸ், வாங்க," என்று உள்ளே கூட்டிப் போனாள். வீரசிங்கம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாகிவிட்டார். சுவரோரம் கழுவி வைத்த பலகை. அதில் அவருடைய பழைய கவ்வாத்துக் கத்தி, சிவசக்தியின் கூடை, விதுஷாவின் புத்தகங்கள். தயாபரன் பின்பக்கமிருந்து வந்தார். காலில் றபர் பூட்ஸ், கையில் ஒரு புதுக் கவ்வாத்துக் கத்தி. இப்போது தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குக் கவ்வாத்து வெட்டுகிறாராம். கைகள் இரண்டும் கொப்புளம். டைப் அடித்த கை அது.

கத்தியைத் தகப்பனின் கத்திக்குப் பக்கத்தில் பலகையில் வைத்துவிட்டு, என்னிடம் தாளை வாங்கி வாசித்தார். மேல் பந்தி, கீழ்ப் பந்தி இரண்டையும் வாசித்தார் என்று கண் போன போக்கிலேயே தெரிந்தது.

"என்னய்யா எழுதியிருக்கு? சத்தமாப் படி," என்றார் கிழவர்.

தயாபரன் மேல் பந்தியை மட்டும் சத்தமாக வாசித்தார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு சொல் விடுபட்டாலும் சண்டைக்குப் போகிறவள் நான். அன்றைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"வெளிய வைக்கிறது சரின்னா எழுதியிருக்கு? அப்ப நான் கேட்டதுல தப்பில்லையா?"

"தப்பில்லப்பா. எல்லா ஆபிசுலயும் அப்புடித்தான் செய்யணும்னு போட்ருக்கு. பாராளுமன்றத்துல சொல்லியிருக்காங்க."

கிழவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாதக் கணக்கில் நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்குகிற அழுகை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு மாமா முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன் என்று சிவசக்தி என் காதில் சொன்னாள்.

"அப்ப வேலைக்குக் கூப்புடுவாங்கல்ல?"

சிவசக்தி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூப்புடுவாங்கப்பா," என்றார் தயாபரன்.

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் பலகையிடம் போனார். மகனுடைய புதுக் கத்தியை எடுத்து அவரிடமே நீட்டினார். "இத எதுக்கு இங்க வச்ச? கவர்மெண்டு வேலக்காரனுக்குக் கத்தி எதுக்கு? கீழ வை." பிறகு தன் கத்திக்குப் பக்கத்தில் காலியான அந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். வெறும் பலகையில் சந்தனத்தைத் தடவி, அதன் மேல் குங்குமம் வைத்தார்.

"இது பெட்டிக்கு. இதுல யாரும் ஒண்ணும் வைக்காதீங்க," என்றார்.

விதுஷா கற்பூரத்தைக் கொளுத்தினாள். தயாபரன் தன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து கும்பிட்டார்.